சாப்பிட்ட எண்ணெயும் பருப்பும் செல்லுக்குள் என்ன ஆகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டோ, புதிதாக ஒரு டயட்டைத் தொடங்கிவிட்டோ பலரும் கேட்கும் கேள்விகள் இவை. கொழுப்பு, புரதம், மாவுச்சத்து என்று பாடப்புத்தகங்கள் தனித்தனி அத்தியாயங்களாகப் பிரித்துச் சொல்வதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. செல்லுக்குள் மூன்றும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அந்த இடம் எது, அங்கிருந்து எந்தப் பக்கம் திரும்பிப் போக முடியாது என்ற இரண்டையும் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாக விளங்கும்.

குளுக்கோஸ்தானே உடம்புக்குச் சக்தி?

குளுக்கோஸ் எரிபொருள். செல் நேரடியாகச் செலவழிப்பது ஏடிபி என்ற சிறு மூலக்கூறை. அதில் மூன்று பாஸ்பேட்டுகள் வரிசையாகக் கோத்திருக்கும். கடைசிப் பாஸ்பேட் கழலும்போது கிடைக்கும் ஆற்றலில்தான் தசை சுருங்குகிறது, நரம்பு செய்தி அனுப்புகிறது, செல் தனக்குள் புகும் சோடியத்தை ஓயாமல் வெளியே தள்ளுகிறது. கழன்ற பாஸ்பேட்டை மறுபடி ஒட்டவைப்பதற்குத்தான் நாம் சாப்பிடுவதும் மூச்சு விடுவதும்.

எந்த நேரத்திலும் நம் உடம்பில் இருக்கும் ஏடிபி மொத்தமே 100 கிராம் அளவுக்குள்தான். ஆனால் ஒரு நாளில் உடம்பு உருவாக்கிச் செலவழிக்கும் ஏடிபியைக் கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட நம் எடை அளவுக்கு வரும். ஒவ்வொரு மூலக்கூறும் தினமும் நூற்றுக்கணக்கான தடவை பிரிந்து சேர்கிறது. ஏடிபியைச் சேமித்து வைக்க முடியாது. அவ்வப்போது தயாரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

1929-இல் இதை ஜெர்மனியில் கார்ல் லோமனும், அமெரிக்காவின் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கே, எல்லாப்பிரகடா சுப்பாராவ் இருவரும் தனித்தனியே கண்டறிந்தார்கள். சுப்பாராவ் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஏடிபியைப் பாடமாகப் படிக்கும் நம் மாணவர்களில் பெரும்பாலோருக்கு இந்தப் பெயர் தெரியாமலே போவது எனக்கு வருத்தம்.

ஏடிபி எங்கே, எப்படித் தயாராகிறது?

கொஞ்சம் செல்லின் திரவப் பகுதியிலேயே உருவாகிறது. பெரும்பங்கு, செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகளில். மாவுச்சத்திலிருந்து வரும் குளுக்கோஸ், கொழுப்பிலிருந்து வரும் கொழுப்பு அமிலம், புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலம் ஆகிய மூன்றும் வெவ்வேறு விதமாகச் சிதைந்தாலும், பெரும்பாலும் அசிட்டைல் கோ-ஏ என்ற இரண்டு கார்பன் துண்டாகத்தான் கடைசியில் வந்து நிற்கின்றன. அந்தத் துண்டு, 1937-இல் ஹன்ஸ் கிரெப்ஸ் விவரித்த சுழற்சிக்குள் நுழைகிறது. கார்பன்கள் இரண்டும் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகின்றன. ஹைட்ரஜனிலிருந்து பிரித்த எலக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் இருக்கும் புரதங்களிடம் கைமாறி, முடிவில் ஆக்சிஜனைப் போய்ச் சேர்ந்து தண்ணீராகின்றன. நாம் இழுக்கும் மூச்சின் ஆக்சிஜனில் மிகப் பெரும்பகுதி செலவாவது இந்தக் கடைசிப் படியில்தான். சயனைடு கொல்வதும் இதே படியை அடைத்துத்தான்.

எலக்ட்ரான்கள் இப்படிக் கைமாறும் வழியில் புரோட்டான்கள் சவ்வின் மறுபக்கம் தள்ளப்பட்டுக் குவிகின்றன. அணையில் தேக்கிய நீர் மதகு வழியே பாய்ந்து டர்பைனைச் சுழற்றுவதுபோல, குவிந்த புரோட்டான்கள் ஒரு புரதத்தின் வழியே திரும்பப் பாய்ந்து அதைச் சுழற்றுகின்றன. அந்தச் சுழற்சியில்தான் ஏடிபி உருவாகிறது. 1961-இல் பீட்டர் மிட்செல் இதைச் சொன்னபோது பெரும்பாலோர் ஏற்கவில்லை. 1978-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். 1997-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்தப் புரதத்தின் அச்சில் ஒளிரும் இழை ஒன்றை ஒட்டவைத்து, அது சுழல்வதை நுண்ணோக்கியில் கண்ணால் பார்த்தார்கள். ஒரு முழுச் சுற்றுக்கு மூன்று ஏடிபி.

இட்லிப் பொடியில் ஊற்றிய நல்லெண்ணெய் செல் வரைக்கும் எப்படிப் போகிறது?

ஒரு தேக்கரண்டி என்றால் ஏறத்தாழ 40 கலோரி. எண்ணெய் தண்ணீரில் கரையாது, ரத்தமோ பெரும்பாலும் தண்ணீர். வழி நெடுகச் சிக்கல் அதுதான். முதலில் சிறுகுடலில் பித்தநீர் எண்ணெயைப் பொடித் துளிகளாக உடைக்கிறது. கணையத்திலிருந்து வரும் லைபேஸ் என்ற நொதி அந்தத் துளிகளை வெட்டுகிறது. வெட்டுண்ட துண்டுகளைக் குடல் செல்கள் உள்ளே இழுத்து, மறுபடி ஒன்றுசேர்த்து, மேலே புரத உறை போட்டுக் கைலோமைக்ரான் என்ற உருண்டைகளாகக் கட்டுகின்றன.

சோற்றின் குளுக்கோஸும் பருப்பின் அமினோ அமிலங்களும் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகும். கைலோமைக்ரான் அப்படிப் போவதில்லை. நிணநீர்க் குழாயில் ஏறி, நெஞ்சு வழியாகச் சென்று, கழுத்தடியில் பெரிய ரத்தக் குழாயில் கலக்கிறது. எண்ணெய் மிகுந்த விருந்துக்குப் பிறகு மூன்று நான்கு மணி நேரத்தில் ரத்தம் எடுத்துச் சுழற்றினால், மேலே தெளிந்து நிற்க வேண்டிய மஞ்சள் பிளாஸ்மா பால் கலந்ததுபோல வெளுத்திருக்கும். ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பின் அளவு அதிகமாக இருப்பவர்களை வெறும் வயிற்றில் வரச் சொல்வதும் இதனால்தான்.

தசையிலும் கொழுப்புத் திசுவிலும் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரில் இன்னொரு லைபேஸ் காத்திருக்கிறது. அது கைலோமைக்ரானிலிருந்து கொழுப்பு அமிலங்களைக் கழற்றி அருகிலுள்ள செல்லுக்குக் கொடுக்கிறது. சாப்பிட்டு இன்சுலின் ஏறியிருக்கும் நேரத்தில் பெரும்பங்கு கொழுப்புத் திசுவுக்குப் போய்ச் சேரும். பட்டினி கிடக்கும்போது தசைக்கும் இதயத்துக்கும் போகும்.

கொழுப்பு 'எரிகிறது' என்றால் என்ன?

இரண்டிரண்டு கார்பனாக வெட்டுப்படுகிறது. 1904-இல் ஜெர்மனியில் ஃபிரான்ஸ் நூப் இதைக் கண்டுபிடித்த விதம் அழகானது. கொழுப்பு அமிலத்தின் வாலில், உடம்பால் சிதைக்க முடியாத ஒரு பென்சீன் வளையத்தை ஒட்டி நாய்களுக்குக் கொடுத்துவிட்டுச் சிறுநீரைச் சோதித்தார். கொழுப்பு அமிலத்தின் கார்பன் சங்கிலி எவ்வளவு நீளமானாலும், ஒற்றைப்படைக் கார்பன் என்றால் ஒரு பொருள், இரட்டைப்படை என்றால் வேறொரு பொருள், இவ்விரண்டில் ஒன்றுதான் வெளிவந்தது. இரண்டிரண்டாக வெட்டினால் மட்டுமே இப்படி நடக்கும். ஐசோடோப்பும் பெரிய கருவிகளும் இல்லாத காலம் அது.

பதினாறு கார்பன் கொண்ட பால்மிட்டிக் அமிலத்தை ஏழு தடவை வெட்டினால் எட்டு அசிட்டைல் கோ-ஏ. கணக்குப் பார்த்தால் சுமார் 106 ஏடிபி. ஒரு குளுக்கோஸ் தருவது சுமார் 30.

வெட்டு நடப்பது மைட்டோகாண்ட்ரியாவுக்குள். நீளமான கொழுப்பு அமிலங்கள் தாமாக உள்ளே போக முடியாது. கார்னிட்டின் என்ற பொருள் அழைத்துச் செல்ல வேண்டும். செல்லில் குளுக்கோஸ் தாராளமாக இருக்கும்போது மலோனைல் கோ-ஏ என்ற பொருள் சேர்ந்து இந்த வாசலை மூடிவிடும். வயிறு நிறையச் சோறு சாப்பிட்ட அடுத்த சில மணி நேரம் உடம்பு கொழுப்பை ஏன் அதிகம் தொடுவதில்லை என்பதற்கு இதுவே காரணம். கார்னிட்டின் மாத்திரை தின்றால் வாசல் திறந்துவிடுமா என்று கேட்கிறார்கள். ஆரோக்கியமானவர் உடம்பில் கார்னிட்டினுக்குப் பஞ்சம் இல்லை. மூடுவதும் திறப்பதும் மலோனைல் கோ-ஏ கையில்தான் இருக்கிறது.

தேங்காய் எண்ணெய் உடம்பில் தங்காமல் நேரே எரிந்துவிடும் என்கிறார்களே?

எட்டு, பத்து கார்பன் கொண்ட குட்டையான கொழுப்பு அமிலங்களுக்குப் பெரும்பாலும் கைலோமைக்ரானும் கார்னிட்டினும் தேவைப்படுவதில்லை. அவை கல்லீரலுக்கு நேராகப் போய்ச் சீக்கிரம் எரியும் என்பது உண்மை. ஆனால் தேங்காய் எண்ணெயில் அவற்றின் பங்கு குறைவு. ஏறத்தாழப் பாதி, பன்னிரண்டு கார்பன் கொண்ட லாரிக் அமிலம். அதில் பெரும்பகுதி மற்ற எண்ணெய்களைப் போலவே நிணநீர் வழியாகத்தான் போகிறது. அந்தக் குட்டையான கொழுப்பு அமிலங்களைக் கொண்டு தயாரித்து மருத்துவமனையில் கொடுக்கும் எம்சிடி எண்ணெய் வேறு, வீட்டுத் தேங்காய் எண்ணெய் வேறு. சமையலுக்குச் சுவைக்காக ஊற்றுங்கள், எடை குறையும் என்று நம்பி ஊற்ற வேண்டாம்.

எடை குறைந்தால் அந்தக் கொழுப்பு எங்கே போகிறது?

மூச்சில். வியர்வையில் என்றும் மலத்தில் என்றும் படித்தவர்கள்கூடச் சொல்கிறார்கள். 10 கிலோ கொழுப்பு முழுதாக எரிந்தால் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக நுரையீரல் வழியே போகும். மீதி 1.6 கிலோ தண்ணீர். எரிக்க 29 கிலோ ஆக்சிஜன் வேண்டும். அதற்காக வேகவேகமாக மூச்சு விட்டால் எடை குறையாது, தலைதான் சுற்றும். செல் ஏடிபியைச் செலவழித்தால்தான் எரியும்.

டயட்டின் முதல் வாரத்தில் இரண்டு மூன்று கிலோ இறங்குவது பெரும்பாலும் கொழுப்பு இல்லை. கல்லீரலும் தசையும் குளுக்கோஸைச் சேமித்து வைக்கும் வடிவமான கிளைகோஜன், தன் எடையைப் போல மூன்று மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது கரையும்போது தண்ணீரும் கூடவே போகிறது.

சர்க்கரை கொழுப்பாகும், சரி. கொழுப்பு மறுபடி சர்க்கரையாகுமா?

ஆகாது. நான் இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்.

குளுக்கோஸ் அசிட்டைல் கோ-ஏ ஆகும் படி, நம் உடம்பில் திரும்பி வர முடியாத படி. அதைத் தாண்டிய கார்பன்கள் எரியலாம், கொழுப்பாகலாம், கீட்டோனாகலாம். மறுபடி குளுக்கோஸாக நிகர லாபம் தராது. கொழுப்பில் கிளிசரால் என்ற சிறு துண்டு மட்டும் குளுக்கோஸாகும். விதைகளுக்கு இந்தத் தடை இல்லை. ஆமணக்கு விதை முளைக்கும்போது தன் எண்ணெயையே சர்க்கரையாக மாற்றித்தான் வேரும் தண்டும் விடுகிறது. அதற்கான கூடுதல் நொதிகள் விதையில் உண்டு, நம்மிடம் இல்லை.

இதன் விளைவு பெரியது. மூளைக்கு நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவே இல்லாத சிவப்பணுக்களுக்குக் குளுக்கோஸைத் தவிர வேறு கதியில்லை. ரத்தத்தில் எந்நேரமும் இருப்பதோ 5 கிராம் அளவுதான். கல்லீரலின் கிளைகோஜன் சுமார் 100 கிராம். ஒரு நாள் பட்டினியில் ஏறக்குறையத் தீர்ந்துவிடும். தசையில் 400 கிராம் வரை இருந்தாலும் தசை அதை ரத்தத்துக்கு விட்டுக்கொடுக்காது. அதற்கான நொதி தசையில் கிடையாது. ஆக, பத்துப் பன்னிரண்டு கிலோ கொழுப்பு கையிருப்பு இருந்தும் மூளைக்கான குளுக்கோஸுக்காக உடம்பு தசைப் புரதத்தில் கைவைக்க வேண்டியதாகிறது.

அப்படியே போனால் சில வாரங்களில் தசை கரைந்து மனிதன் இறந்துவிடுவான். அதைத் தடுப்பது கீட்டோன்கள். கல்லீரல் கொழுப்பை அரைகுறையாக உடைத்துக் கீட்டோனாக்கி அனுப்ப, மூளை அதைப் பயன்படுத்தப் பழகிக்கொள்கிறது. 1967-இல் பாஸ்டனில் ஜார்ஜ் கேஹிலும் ஆலிவர் ஓவனும், வாரக்கணக்கில் உண்ணாமல் இருந்தவர்களின் மூளைக்குப் போகும் ரத்தத்தையும் திரும்பும் ரத்தத்தையும் ஒப்பிட்டு, மூளையின் எரிபொருளில் பாதிக்கும் மேல் கீட்டோன் என்று காட்டினார்கள்.

அப்படியானால் கீட்டோன் நல்லதுதானே? சர்க்கரை நோயாளிக்கு ஏன் ஆபத்து?

அளவுதான் வித்தியாசம். பட்டினியில் சிறிதளவு இன்சுலின் எப்போதும் சுரந்துகொண்டிருக்கும். கொழுப்பு கட்டுமீறி உடைவதை அது பிடித்து வைக்கும். உடம்பில் இன்சுலின் ஏறக்குறையச் சுரக்காத டைப் 1 சர்க்கரை நோயில் இன்சுலின் ஊசி நின்றுபோனால் அந்தப் பிடி போய்விடுகிறது. கீட்டோன் ஏறி ரத்தம் அமிலமாகி, வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு, மூச்சில் பழவாசனை என்று வரும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை இது. சர்க்கரைக்கு 'ஃப்ளோசின்' என்று முடியும் பெயருள்ள மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலே இது வரலாம். அவர்கள் டாக்டரைக் கேட்காமல் விரதமோ கீட்டோ டயட்டோ தொடங்கவே கூடாது.

புரதத்தை உடம்பு சேமித்து வைக்குமா?

சேமிக்காது. உடம்பிலுள்ள ஒவ்வொரு புரதமும் ஏதோ ஒரு வேலையில் இருக்கும் புரதம். ஆனாலும் அவை நிலையாக இருப்பதில்லை. தினமும் 250 முதல் 300 கிராம் புரதம் உடைந்து, அதே அளவு மறுபடி கட்டப்படுகிறது. நாம் சாப்பிடுவதைப் போல நான்கைந்து மடங்கு அது. குடலின் உள்தோல் சில நாளுக்கு ஒருமுறை புதுசு.

அமினோ அமிலத்தை எரிபொருளாக்க வேண்டுமென்றால் அதிலுள்ள நைட்ரஜனை முதலில் கழற்ற வேண்டும். உங்கள் லிவர் ரிப்போர்ட்டில் எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி என்று இரண்டு வரிகள் இருக்கும். அந்த வேலையைச் செய்யும் நொதிகளே அவை. எஸ்ஜிபிடி, அலனின் என்ற அமினோ அமிலத்திடமிருந்து நைட்ரஜன் பகுதியைக் கழற்றி வேறொன்றுக்கு மாட்டிவிடுகிறது. மிஞ்சுவது பைருவேட், அதாவது குளுக்கோஸ் பாதி உடைந்தால் கிடைக்கும் அதே பொருள். நொதி இருக்க வேண்டியது செல்லுக்குள். செல் சேதமானால் கசிந்து ரத்தத்துக்கு வரும். அதனால்தான் அந்த எண் ஏறினால் டாக்டர் கல்லீரலைக் கவனிக்கிறார்.

கழன்ற நைட்ரஜன் அம்மோனியாவாகத் தங்கினால் மூளைக்கு நஞ்சு. கல்லீரல் அதை யூரியாவாக்கி, சிறுநீரகம் வெளியேற்றுகிறது. இந்தச் சுழற்சியையும் 1932-இல் கண்டறிந்தவர் கிரெப்ஸ்தான், கர்ட் ஹென்செலைட் என்ற மாணவருடன். கல்லீரல் சுருங்கிப்போன நோயாளி திடீரென்று பிதற்றுவதற்கும் பகலெல்லாம் தூங்குவதற்கும் அம்மோனியா ஒரு முக்கியக் காரணம்.

எவ்வளவு புரதம் சாப்பிட வேண்டும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2020 பரிந்துரைப்படி, ஆரோக்கியமான பெரியவருக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம். 60 கிலோ என்றால் ஏறக்குறைய 50 கிராம். தசையை வளர்க்க எடைப் பயிற்சி செய்பவர்களுக்குக் கூடுதலாக வேண்டும். பயிற்சி இல்லாமல் பவுடர் மட்டும் குடித்தால் உபரி அமினோ அமிலம் எரிபொருளாகிவிடும், நைட்ரஜன் யூரியாவாகிப் போய்விடும். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்கள் தாமாகப் புரதத்தைக் கூட்டக் கூடாது. சைவர்களுக்கு ஒரு வார்த்தை: அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, உளுந்திலும் பருப்பிலும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். இட்லியில் அது தானாக நடந்துவிடுகிறது.

படியேறும்போது கால் எரிவது லாக்டிக் அமிலத்தாலா?

தசைக்குத் தேவைப்படும் வேகத்துக்கு மைட்டோகாண்ட்ரியா ஈடுகொடுக்காதபோது குளுக்கோஸ் பாதியில் லாக்டேட்டாக நிற்கிறது. எரிச்சலுக்குக் கூடவே சேரும் அமிலத்தன்மையும் பிற பொருள்களும் காரணம். லாக்டேட் கழிவுப்பொருள் என்பது பழைய எண்ணம். இதயம் அதை எரிக்கிறது, கல்லீரல் குளுக்கோஸாக்கித் திருப்பி அனுப்புகிறது. மறுநாள் வரும் வலிக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதற்குள் லாக்டேட் எப்போதோ போயிருக்கும்.

வைட்டமினில் கலோரி இல்லையே, பிறகு அது குறைந்தால் ஏன் சோர்வு?

நொதிகள் பல வைட்டமின் இல்லாமல் வேலை செய்யாது. பி1 என்ற தயமினை எடுத்துக்கொள்ளுங்கள். பைருவேட்டை அசிட்டைல் கோ-ஏ ஆக்கும் அந்த ஒருவழிப் படிக்கு அது கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் வயிறு நிறையச் சோறு இருந்தும் செல் பட்டினி கிடக்கும். முதலில் அடிவாங்குவது நரம்பும் இதயமும். பெரிபெரி நோய் அதுதான்.

1900-களின் தொடக்கத்தில் மலாயாவில் தீட்டிய பச்சரிசி தின்ற சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியில் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள். அதே ஊரில், அதே வெயிலில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு அந்த நோய் அரிதாகவே வந்தது. மலாயாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் அரசு மருத்துவராக இருந்த லியோனார்ட் பிராடன் இதைக் கவனித்து, தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி என்பதைச் சுட்டிக்காட்டினார். காரணத்தைத் தவறாக, கெட்டுப்போன அரிசியின் நஞ்சு என்று கருதினார். 1905-இல் வில்லியம் ஃபிளெட்சர் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் ஒரு பாதிப் பேருக்குப் பச்சரிசி, மறுபாதிப் பேருக்குப் புழுங்கல் அரிசி என்று கொடுத்துப் பார்த்தபோது, பச்சரிசி உண்டவர்கள் மத்தியில்தான் நோய் பரவியது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுப் பகுதியிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஓரளவு தங்கும். நெல்லை அவித்துக் காயப்போட்ட பெண்களுக்கு இந்த வேதியியல் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் கடல் தாண்டிப் போன பிள்ளைகளின் உயிரைக் காத்தது அந்த அவியல்தான்.

இன்றும் குடிநோயாளி மயங்கி வந்தால், குளுக்கோஸ் ஏற்றும்போது தயமினையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். தயமின் இல்லாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்சமும் தீர்ந்து மூளை பாதிக்கப்படலாம்.

ஒல்லியாக இருக்கிறேன். எனக்கு எப்படிச் சர்க்கரையும் ஃபேட்டி லிவரும்?

எடை காட்டும் கருவி கொழுப்பையும் தசையையும் பிரித்துக் காட்டாது. புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004-இல் தங்கள் இருவரையுமே அளந்து வெளியிட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ இருவருக்கும் 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். நம்மில் பலருக்கு யாஜ்னிக்கின் உடல்வாகுதான். தோலுக்கடியில் கொழுப்பை வைக்கும் இடம் நிறைந்தால், மிச்சம் வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் தசையிலும் சேரும். அங்கே சேர்ந்த கொழுப்பு இன்சுலினின் கட்டளையைச் செல் கேட்கவிடாமல் செய்கிறது. இடுப்புச் சுற்றளவை அளந்து பாருங்கள். சர்க்கரை கலந்த பானங்களைக் குறையுங்கள், தசையை வளருங்கள். சாப்பிட்ட குளுக்கோஸ் போய்த் தங்கும் பெரிய இடம் தசைதான்.

மெட்டபாலிசத்தைக் கூட்டிக் கொழுப்பை எரிக்கும் மாத்திரை வாங்கலாமா?

டைநைட்ரோஃபீனால் அல்லது டிஎன்பி என்ற பெயரைப் பார்த்தால் தொடவே தொடாதீர்கள். முதல் உலகப் போரின்போது பிரான்ஸில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் இதைக் கையாண்டவர்கள் மெலிந்தார்கள், சிலர் கடும் காய்ச்சலில் இறந்தார்கள். 1933-இல் அமெரிக்காவில் இதையே எடை குறைக்கும் மருந்தாக்கினார்கள். எடை குறைந்தது உண்மை. இந்தப் பொருள் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வு வழியாகப் புரோட்டான்களைக் கசியவிடுகிறது. கொழுப்பு எரியும், ஆனால் அதற்கேற்ற ஏடிபி உருவாகாது. வீணாகும் ஆற்றல் சூடாக வெளிவரும். பலருக்குக் கண்புரை வந்தது, சிலர் உடல் சூடு தாங்காமல் செத்தார்கள். 1938-இல் மனிதர் உட்கொள்ளத் தகாதது என்று அங்கே அறிவித்துவிட்டார்கள்.

ஆனாலும் இணையத்தில் வேறு வேறு பெயர்களில் விற்கிறார்கள், இளைஞர்கள் இன்றும் இறக்கிறார்கள். பலன் தரும் அளவுக்கும் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறியது. மாற்று மருந்து கிடையாது. யாராவது இதைச் சாப்பிட்டுவிட்டு வியர்த்துக் கொட்டினாலோ, காய்ச்சலும் படபடப்பும் வந்தாலோ, தூங்கினால் சரியாகிவிடும் என்று காத்திராமல் மாத்திரை டப்பாவோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.